ஏழு மணிக்கு இருட்டும் வீடு

என் கணவரின் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது நாட்டுக்கு மெர்டேக்கா என்கிற சுதந்திரம் கிடைத்த வருஷத்தின் தொடக்கத்தில். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். ஜப்பான் சண்டை முடிந்த காலத்திலிருந்து ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே துரை வீட்டில் ஆயாவாக இருந்தவர். அவருடைய கணவரை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை. பிள்ளைகளும் இல்லை. நாடு கைமாறப் போகிறது என்றதும் துரை குடும்பம் பெட்டி படுக்கையோடு கப்பலேறிவிட்டது. அண்ணி ஒரு தகரப் பெட்டியோடும், துரைசானி கொடுத்த அலாரம் கடிகாரத்தோடும் காஜா பேராங்கில் எங்கள் வாசலில் வந்து இறங்கினார்.

எங்களுடையது பலகை வீடு. முன்னால் ஒரு கூடம், நடுவில் ஒரு அறை, பின்னால் சமையல்கட்டு. என் கணவர் பஸ்ஸில் கண்டக்டர். மூத்தவளுக்கு நாலு வயது. சின்னவனுக்கு ஒன்றரை வயது, இன்னும் பால் மறக்கவில்லை. அதுவரை என் பிள்ளைகள் எங்கே கண் சொருகுகிறதோ அங்கே தூங்குவார்கள். மூத்தவள் சோற்றுத் தட்டில் கையை வைத்தபடியே தூங்கியிருக்கிறாள். நானும் தோட்டத்து லயத்தில் அப்படி வளர்ந்தவள்தான். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியாது.

அண்ணி வந்த மறுநாளே சொன்னார்: "புள்ளைங்க எப்ப தூங்கணும்னு புள்ளைங்களுக்குத் தெரியாது. நாமதான் தூங்க வைக்கணும்."

பகல் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலைச் சாத்தி இரண்டு பேரையும் படுக்கப் போட வேண்டும். கடிகாரம் அடித்த பிறகுதான் எழுப்ப வேண்டும். பிறகு குளியல். பொழுது இருக்கும்போதே இரவுச் சாப்பாடு. ஏழு மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். முதல் வாரம் இரண்டும் கத்தித் தீர்த்தன. அடுத்த வாரத்தில் தாமாகவே பாயைத் தேடிப் போயின. அழுகை குறைந்தது, சின்னவனின் கன்னத்தில் சதை வைத்தது. என் கணவருக்கு ஒரே சந்தோஷம். "அக்கா வந்ததுக்கப்புறம்தான் வீடு வீடா இருக்கு" என்றார்.

எனக்கும் அது உண்மை என்று தெரியும். அதனால்தான் வாய் திறக்க முடியவில்லை.

பிள்ளைகள் பகலில் தூங்கும்போது அண்ணியும் தூங்குவார். "புள்ள தூங்கறப்ப ஆயாவும் தூங்கிடணும், இல்லேன்னா உடம்பு தாங்காது" என்பார். ஆகவே விழித்திருப்பது நான் ஒருத்திதான். அம்மியில் அரைக்கக் கூடாது, உரல் இடிக்கக் கூடாது. தெருக்குழாய்க்குப் போகலாமென்றால் பின்கதவு கிறீச்சிடும். சின்னவன் நடுவில் முழித்தால் என் மாரைத் தேடுவான், அதனால் கடைக்கும் போக முடியாது. சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்து வேலியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலிக்கு அந்தப் பக்கம் சிட்டி சமூகத்தைச் சேர்ந்த ஒரு அம்மாள் இருந்தார். எங்கள் சாமியைத்தான் கும்பிடுவார், ஆனால் பேச்செல்லாம் அவர்களுடைய மலாயில். கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்தி, துணி உலர்த்திக்கொண்டே என்னைப் பார்த்து, "சூடா தீடோ?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்பார். தூங்கியாச்சா என்று. நான் தலையை ஆட்டுவேன். சில நாட்களில் அண்ணியைத் தவிர நான் பார்த்த பெரிய மனுஷி அவர் ஒருவர்தான், எங்கள் பேச்சும் அவ்வளவுதான்.

ராத்திரி இன்னும் மோசம். ஏழு மணிக்கு வீடு இருட்டிவிடும். சின்னவன் என் பக்கத்தில் இல்லாமல் தூங்க மாட்டான். அவன் வாயிலிருந்து முலையை மெல்ல விடுவித்தால் உடனே சிணுங்குவான். தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தமும், கோப்பிக்கடை ரேடியோவும் கேட்கும். நான் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

இப்படி இருக்கும்போதுதான் பட்டணத்தில் கடலோரத் திடலில் கேளிக்கைப் பூங்கா வந்தது. பெரிய ராட்டினம், குடை ராட்டினம், மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள், வளையம் வீசினால் பொம்மை. என் கணவர் தினமும் பஸ்ஸில் கேட்ட கதையையெல்லாம் வீட்டில் வந்து சொல்வார். காற்று எங்கள் பக்கம் அடிக்கும் இரவுகளில் ஒலிபெருக்கிப் பாட்டு அரைகுறையாகக் கேட்கும். கூடத்து ஜன்னலில் நின்று பார்த்தால் அந்தத் திசையில் வானம் மட்டும் வெளுத்திருக்கும். பூங்கா பொழுது சாயும்போதுதான் திறக்கும். என் பிள்ளைகள் பொழுது சாயும்போது படுக்கப் போகிறவர்கள்.

மூத்தவள் கேட்டுக்கேட்டு ஓய்ந்துபோனாள். நான் ஓயவில்லை. மின்சார விளக்கு போட்டுச் சுற்றும் ராட்டினத்தை நானும் பார்த்ததில்லை.

"அண்ணி, ஒரு நாள் போயிட்டு வந்துடலாமே" என்றேன்.

"ஏழு மணிக்கு மேல புள்ளைங்கள வெளிய வச்சிருந்தா மறுநாள் பூரா நீதான் அழுவ. வேணும்னா நீயும் தம்பியும் போங்க. நான் பாத்துக்கறேன்."

"சின்னவன் நான் இல்லாம தூங்க மாட்டானே."

"அதான் அப்பவே சொன்னேன், வேப்பெண்ணெய் தடவிப் பால மறக்கடின்னு."

தடவிப் பார்த்திருந்தேன். அவன் அதையும் சேர்த்துக் குடித்தான்.

கடைசியில் என் கணவர் கெஞ்சியதில் அண்ணி மசிந்தார். மசிந்தபின் எல்லா ஏற்பாட்டையும் அவரே கையில் எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை பகல் தூக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போட வேண்டும். தள்ளிப்போட்டால் நன்றாகத் தூங்குவார்கள், அந்தத் தெம்பில் எட்டு மணிவரை தாங்கும். ரசஞ்சோற்றை அடுக்குச் சட்டியில் கொண்டுபோய் அங்கேயே ஊட்டிவிட வேண்டும். கதவு திறந்ததும் உள்ளே, எட்டு மணிக்குப் பேச்சா ரிக்ஷாவில் ஏறி வீடு. "சிங்கப்பூருக்குத் தொர வீட்டுப் புள்ளைங்கள கூட்டிட்டுப் போனப்ப இப்படித்தான் பண்ணேன்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

சனிக்கிழமை வந்தது. ஜன்னலைச் சாத்தினேன். மூத்தவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "அம்மா, நான் தூங்கிட்டேன், போலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதட்டினேன், தட்டிக்கொடுத்தேன், தாலாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. சின்னவன் மட்டும் வெகுநேரம் புரண்டபின் கண்ணயர்ந்தான். அவன் அயர்ந்த கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் மேளச் சத்தம். பூங்காக்காரர்களின் லாரி, ஒலிபெருக்கி வைத்து, 'இன்று மாலை, இன்று மாலை' என்று மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் கூவிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகவே போனது. சின்னவன் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து அழுதான். அண்ணி பாயில் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார், லாரியை நான்தான் வரவழைத்தேன் என்பதுபோல.

"இன்னைக்கு வேணாம்" என்றார்.

என் கணவர் புதுச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்து, "பேச்சாக்காரன்கிட்ட சொல்லி வச்சிட்டேன்க்கா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பேச்சாவில் காற்று பட்டதும் சின்னவன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். பூங்கா வாசலில் இறக்கியபோது ஈரத்துணி மாதிரி கனத்தான். மூத்தவள் மட்டும் விழித்திருந்தாள். விழித்திருந்தாள் என்று சொல்லலாமா தெரியவில்லை. கண்கள் சிவந்து, உதடு பிதுங்கி, எதைத் தொட்டாலும் அழத் தயாராக இருந்தாள். உள்ளே போனோம். பெரிய ராட்டினம் இன்னும் சுற்ற ஆரம்பிக்கவில்லை. பிறகு ஒரே சமயத்தில் எல்லா விளக்குகளும் எரிந்தன. மூத்தவள், "அம்மா, வலிக்குது" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

குடை ராட்டினத்தின் எதிரில் ஒரு பெஞ்சு கிடந்தது. நான் சின்னவனோடு அதில் உட்கார்ந்தேன். மூத்தவளை மடியில் சாய்த்து ரசஞ்சோறு ஊட்டப் பார்த்தேன். இரண்டாவது வாயை விழுங்காமலே தூங்கிவிட்டாள். என் கணவர் மரக்குதிரைக்குச் சீட்டு வாங்கி வந்தபோது இரண்டு பிள்ளைகளும் என்மேல் கிடந்தார்கள். எழுப்பினோம். எழுந்திருக்கவில்லை. இரண்டு சீட்டையும் அண்ணியின் கையில் கொடுத்தார். பக்கத்தில் மரணக் கிணற்றிலிருந்து மோட்டார் சைக்கிள் உறுமியது.

"ஒரு ஆட்டம் பாத்துட்டு வந்துடறேன்" என்றார்.

"போயிட்டு வாங்க."

அண்ணியும் நானும் இருந்தோம். எனக்குக் கால் மரத்தது. நகர்ந்தால் யாராவது ஒருத்தர் சரிந்து விழுவார்கள். எதிரே குதிரைகள் ஏறி இறங்கின. ராட்டினத்தில் ஏறாவிட்டாலும் பூங்காவைச் சுற்றி நடக்கவாவது முடியும் என்று நினைத்திருந்தேன். இப்போது என் கண்ணுக்கு எதிரில் என்ன இருக்கிறதோ அதுதான் பூங்கா. முதுகுப்பக்கம் சிரிப்பும் கைத்தட்டலும் கேட்டன. திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"சீட்டு வீணாப் போகுமே" என்றார் அண்ணி.

"நீங்க ஏறுங்க அண்ணி" என்றேன். சும்மாதான் சொன்னேன்.

அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனார். சீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணி ஒரு வெள்ளைக் குதிரையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு காலையும் ஒரே பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்து, கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். நரையோடிய தலை, நிமிர்ந்த முதுகு. முன்னும் பின்னும் சின்னப் பிள்ளைகள். சுற்ற ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை என் பக்கம் வரும்போதும் அவரைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. கோவிலில் தீபாராதனை பார்க்கிறவர் போல எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. கையில் இன்னொரு சீட்டு இருந்தது.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது.

"சிங்கப்பூர்ல இதவிடப் பெரிய பார்க்குக்கு அவங்கள்லாம் போனாங்க. வருஷா வருஷம் போவாங்க. புள்ளைங்க ஏழு மணிக்குத் தூங்கணும்ல. நான் ஓட்டல் ரூம்ல இருப்பேன். புள்ளைங்க தூங்கிடும். வெளக்கு போடக் கூடாது. ஜன்னல்ல நின்னா சத்தம் மட்டும் கேக்கும்."

"புள்ளைங்களும் பார்க்கப் பாக்கலையா அண்ணி?"

"பாக்கல. தொரையும் தொரசானியும்தான் பாப்பாங்க."

இதைச் சொல்லிவிட்டு மூத்தவள் முகத்தில் ஒட்டியிருந்த சோற்றைத் தன் தலைப்பால் துடைத்தார்.

மறுநாள் சாயங்காலம் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் அண்ணி நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "கொஞ்சம் காத்தாடப் போயிட்டு வரேன்." அதற்கு மறுநாளும் போனார். பிறகு தினமும் போனார். ஏழு மணிக்கு நான் விளக்கை அணைத்துவிட்டுச் சின்னவன் பக்கத்தில் படுப்பேன். ஒலிபெருக்கிப் பாட்டைக் கேட்டபடி, பூங்காவில் அண்ணி எங்கே நிற்பார், எதில் ஏறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்குத் திரும்பும்போது அவரிடமிருந்து வறுத்த கடலை வாசனை வரும்.

ஒரு நாள் மனசு தாங்காமல் கேட்டேன்: "அண்ணி, இன்னைக்கு நீங்க இருங்களேன். நான் போயிட்டு வரட்டா?"

"புள்ள உன்னத் தேடுவானே. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் குரலில் கெடுதல் எதுவும் இல்லை. நிஜமாகவே கேட்டார். எனக்குத்தான் உள்ளே எரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணி கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே பூங்காவுக்குப் போவதாகப் பகலிலேயே கிளம்பிவிட்டார். நான் அன்று ஜன்னலைச் சாத்தவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சிட்டி அம்மாள் வீட்டுக்குப் போனேன். கோழி துரத்தினார்கள், மண்ணில் புரண்டார்கள், தூக்கத்தைத் தூக்கியெறிந்துவிட்டு ஆடினார்கள். வெயில் இறங்கும்போது இருவரும் வெறிபிடித்தவர்கள்போல அழுதார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டிப் பால் கொடுத்தேன். வெளிச்சம் இருக்கும்போதே அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டார்கள். சின்னவனின் வாயிலிருந்து முலையை எடுத்தேன். அவன் அசையவில்லை.

சிட்டி அம்மாள் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, "பீலா. அக்கு ஜாகா" என்றார். போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

தலையைக்கூட வாராமல் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். இடுப்பில் பிள்ளை இல்லாமல் நடப்பது வினோதமாக இருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்துகொண்டிருந்தேன். சாலை முனையில் பஸ் வந்து நின்றது. உஜோங் பாசிர் போகிற பஸ். படியில் என் கணவர்.

"புள்ளைங்க எங்க?" என்றார்.

"தூங்குறாங்க. பக்கத்து வீட்டம்மா இருக்காங்க."

ஆட்கள் பார்த்தார்கள். அவர் தள்ளி நின்று வழிவிட்டார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தன் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்துத் தோல்பையில் போட்டு, எனக்கும் ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

பஸ் பட்டணத்தைத் தாண்டிக் கடலோரத்துக்குத் திரும்பியதும் ராட்டினம் தெரிந்தது. வானம் இன்னும் இருட்டவில்லை. விளக்குகள் வெளிறிச் சுற்றின. பஸ்ஸில் இருந்த பாதிப்பேர் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். அப்போது எங்கோ முன் இருக்கையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டது. யாருடைய குழந்தையோ. என் மார் கட்டிக்கொண்டு பால் சுரந்தது. முந்தானையை இழுப்பதற்குள் ரவிக்கை நனைந்து, நனைந்த வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

"எறங்கலையா?" என்றார்.

"இல்ல."

அவர் என் முந்தானையைப் பார்த்தார். விசிலை ஊதினார். பஸ் நகர்ந்தது. ராட்டினம் என் ஜன்னலுக்கு வந்து, பின்னால் போனது.

கடைசி நிறுத்தமான உஜோங் பாசிரில் எல்லோரும் இறங்கியபின் டிரைவர் டீ குடிக்கப் போனார். என் கணவர் எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். வீட்டில் நாங்கள் இருவரும் விளக்கு வெளிச்சத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பல மாதம் ஆகியிருந்தது. அவர் வேலை முடிந்து வரும்போது நான் இருட்டில் படுத்திருப்பேன். குரலைத் தாழ்த்தி, சோறு எங்கே, குழம்பு எங்கே என்பதோடு சரி.

"எனக்கு மூச்சு முட்டுதுங்க" என்றேன்.

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு."

அவர் தோல்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். "அக்காகிட்ட நான் சொல்றேன். ரெண்டு நாளைக்கு ஒரு தடவையாச்சும் அவங்க வீட்ல இருக்கட்டும்."

"வேணாங்க. சொல்லாதீங்க. அவங்க போகட்டும்."

"அப்ப நீ?"

சிங்கப்பூர் ஓட்டல் அறையை அவரிடம் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. அக்கா வருஷா வருஷம் சிங்கப்பூர் பார்த்தவர் என்றுதான் இத்தனை காலமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். டிரைவர் வந்து வண்டியைக் கிளப்பினார்.

திரும்பும் வழியில் பூங்கா எனக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னலில் போயிற்று. எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வீட்டுக்கு நடந்தபோது கிட்டத்தட்ட ஓடினேன். இரண்டு பிள்ளைகளும் போட்ட இடத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னவனை எழுப்பிப் பால் கொடுத்தேன். எனக்குத்தான் அது தேவையாக இருந்தது.

மெர்டேக்காவுக்குச் சில நாள் முன்பு பூங்கா வேறு ஊருக்குப் போயிற்று. சுதந்திரம் வந்த அன்று மதியம் அலங்கார லாரிகள் பாட்டுப் பாடிக்கொண்டு பெரிய சாலையில் போயின. பிள்ளைகள் தூங்கும் நேரம். நானும் அண்ணியும் பின்கதவுக்கு எண்ணெய் விட்டுத் திறந்து, சத்தமில்லாமல் வேலிவரை போய் நின்றோம். கொடியின் நுனிகள் மட்டும் தெரிந்தன. அண்ணி என் கையைப் பிடித்திருந்தார்.

அந்த வருஷக் கடைசியில் கிளேபாங்கில் ஒரு டாக்டர் வீட்டில் அண்ணிக்கு வேலை கிடைத்தது. மறுபடியும் பிள்ளைகளைப் பார்க்கிற வேலைதான். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் டாக்டரின் மனைவியிடம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனக்கு வேண்டும், அன்று யார் தூங்கினாலும் தூங்காவிட்டாலும் தான் இருக்கமாட்டேன் என்று சொன்னாராம். அவர்கள் சம்மதித்தார்கள். அதன்பிறகு அவர் வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்தார் என்று யாருக்கும் சொன்னதில்லை.

அவர் போனதும் நான் விடுபட்டேன் என்று நினைத்தேன். பிள்ளைகள் பழக்கத்தை விடவில்லை. மதியச் சோறு ஆனதும் அவர்களே பாயை விரித்தார்கள். பொழுது சாய்ந்ததும் கண்ணைக் கசக்கினார்கள். அடுத்த வருஷம் சின்னவன் ஒருவழியாகப் பால் மறந்தான். வைகாசியில் மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தாள். அவள் பகல் முழுக்கத் தூங்கி, ராத்திரி முழுக்க விழித்திருந்தாள்.